கோழிக்குப் போட்ட கணக்கு வாத்துக்கு ஒத்துவராது

வாத்து வளர்ப்பு பற்றி எங்கள் ஊர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "அது என்னங்க, கோழி மாதிரிதான்". கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டும் முட்டை போடுகின்றன, இரண்டும் தவிடு தின்கின்றன, இரண்டையும் பொழுது சாய்ந்தால் அடைத்து வைக்க வேண்டும். ஆனால் அடை வைத்த நாளிலிருந்து குஞ்சுக்கு ஒரு மாதம் ஆகும்வரை என்னென்ன காரணத்தால் இழப்பு வருகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்தக் "கோழி மாதிரிதான்" என்ற நினைப்பில் போய் முடிகிறது.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது பெரியப்பா மகனால். அண்ணன் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் காய்கறியும் வைத்திருக்கிறார். நத்தைக்கும் பூச்சிக்கும் ஆகும், முட்டையும் கிடைக்கும் என்று வாத்து விட நினைத்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இந்தப் பெட்டிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் வைக்கணும்னு பார்த்துச் சொல்லு" என்று இன்குபேட்டர் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார். அதற்காகப் படிக்க ஆரம்பித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

மென்பொருளில் 'டீஃபால்ட் செட்டிங்' என்று ஒன்று உண்டு. நாம் எதையும் மாற்றாவிட்டால் அதுவே ஓடும். நாட்டில் விற்கும் சின்ன இன்குபேட்டர், குஞ்சுத் தீவனம், தண்ணீர்க் குவளை, பக்கத்து வீட்டு அறிவுரை எல்லாவற்றிலும் டீஃபால்ட் கோழிதான். வாத்து அதிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறது என்று தெரிந்தால் போதும், மீதி எல்லாம் எளிது. கோழி வம்சமும் வாத்து வம்சமும் டைனோசர்கள் அழிவதற்கு முன்பே பிரிந்துவிட்டவை. இவ்வளவு காலத்தில் கணக்கு மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடைக்கு யார் உட்காருவது?

கோழி முட்டை பொரிக்க 21 நாள். நாட்டு வாத்து, காக்கி கேம்ப்பெல் போன்றவற்றுக்கு 28 நாள். மணிலா வாத்துக்கு சுமார் 35 நாள். மணிலா வாத்து நம் வாத்துக்கு அக்கா தங்கை உறவுகூட இல்லை, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த வேறு இனம். மற்ற வளர்ப்பு வாத்துகள் ஏறக்குறைய எல்லாமே மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை.

காட்டு வாத்து தன் முட்டையைத் தானே அடைகாக்கும். முட்டைக்காக வளர்க்கும் வாத்து பெரும்பாலும் அடைக்கு உட்காராது. காரணம் நாம்தான். அடையில் உட்கார்ந்த பறவை முட்டை போடுவதை நிறுத்திவிடும். அதிக முட்டை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக முட்டைக்காரிகளையே தேர்ந்தெடுத்தால், அடை குணமும் சேர்ந்தே போய்விடுகிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் அடீல் கேம்ப்பெல் என்ற பெண்மணி 19-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய காக்கி கேம்ப்பெல் நல்ல உதாரணம். நல்ல பராமரிப்பில் வருடத்துக்கு 300 முட்டைகூடப் போடும். அதில் ஒன்றையாவது உட்கார்ந்து பொரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால்தான் ஊரில் வாத்து முட்டையை அடைக்கோழியின் கீழ் வைக்கிறார்கள். நல்ல வழிதான், இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டால். ஒன்று, வாத்து முட்டை பெரிது. நாட்டுக்கோழியின் உடம்புச் சூடு எட்டு, ஒன்பது முட்டைக்கு மேல் சமமாகப் போகாது. இரண்டு, கோழி ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டும். அந்த நான்காவது வாரத்தில் அது இளைத்துப் போகாமல் தினமும் இறக்கி, தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மணிலா வாத்து கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை, அடை உட்காருவதில் அது கெட்டி.

முட்டைக்குள் ஒரு தண்ணீர்க் கணக்கு

கோழியும் இல்லை, மணிலாவும் இல்லை என்றால் இன்குபேட்டர். சூடு பற்றிப் பெரிய குழப்பம் இல்லை. உள்ளே காற்றாடி ஓடும் பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். குழப்பமெல்லாம் ஈரப்பதத்தில்தான்.

முட்டை ஓடு பார்க்கத்தான் மூடியது. அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவை வழியாக ஆக்சிஜன் உள்ளே போகிறது, கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருகின்றன. வெளியேறிய நீரின் இடத்தைத் தட்டையான முனையில் காற்றறை பிடித்துக்கொள்கிறது. குஞ்சு முதல் மூச்சை விடுவது அந்தக் காற்றறைக்குள்தான். அதனால் முட்டை கொஞ்சம் வற்றியே ஆக வேண்டும். குறைவாக வற்றினால் காற்றறை சிறிதாகி, குஞ்சு ஊதிப்போய் உள்ளேயே மூழ்கிச் சாகும். அதிகமாக வற்றினால் உட்சவ்வு தோல்போல் இறுகி, குஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு வற்ற வேண்டும்? 25-ம் நாளுக்குள் ஆரம்ப எடையில் சுமார் 13 சதவீதம். 70 கிராம் முட்டை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 கிராம், அதாவது நாளுக்கு 0.36 கிராம் குறைய வேண்டும். 7-ம் நாள் 67.5, 14-ம் நாள் 65, 21-ம் நாள் 62.5, 25-ம் நாள் 61 கிராம். இவ்வளவுதான் வரைபடம்.

இதைக் கவனிக்க, நகை எடை பார்ப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும். பெட்டியில் ஒட்டியிருக்கும் மலிவான ஈரப்பதமானி ஐந்து, பத்து சதவீதம் தள்ளிக் காட்டினாலும் நமக்குத் தெரியாது. அதுவும் அந்த நொடியை மட்டும்தான் சொல்லும். முட்டையின் எடையோ இத்தனை நாள் நடந்த மொத்தத்தையும் கூட்டிச் சொல்லிவிடும். எடை குறைவது மெதுவாக இருந்தால் தண்ணீர்த் தட்டை எடுங்கள், வேகமாக இருந்தால் தட்டைப் பெரிதாக்குங்கள்.

"எவ்வளவு தண்ணீர் ஊற்றணும்?" என்ற கேள்விக்கு ஏன் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள் என்பதும் இதில் புரிந்துவிடும். வெளிக்காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது அதிலுள்ள நீராவி மாறுவதில்லை, ஆனால் ஈரப்பத சதவீதம் இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்:

கடலோர ஊரில் மழைக்காலம், வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் பெட்டிக்குள் 53 சதவீதம்.

உள்மாவட்டத்தில் தை மாத இரவு, 20 டிகிரி, 70 சதவீதம் என்றால் உள்ளே 25 சதவீதம்.

கோடையில் 36 டிகிரி, 30 சதவீதம் என்றால் உள்ளே 28 சதவீதம்.

வாத்து முட்டைக்கு முதல் 25 நாள் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 55 சதவீதத்தை ஒட்டியது. ஆக, ஐப்பசியில் கடலூர்க்காரர் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமல் பொரித்திருப்பார். தையில் தர்மபுரிக்காரர் அதையே கேட்டுச் செய்தால் முட்டையெல்லாம் காய்ந்துபோகும். இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி.

7-ம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் தட்டை முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ரத்தக்குழாய் தெரிந்தால் உயிருண்டு. ஒன்றும் தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் கூமுட்டை. அதை எடுத்துவிடுவது நல்லது, அழுகி உள்ளே வெடித்தால் மற்றவற்றையும் கெடுக்கும்.

இரண்டாம் பாதியில் முட்டையே அடுப்பு

அடைக்காலத்தின் பாதிக்கு மேல் கரு தானே சூடு உண்டாக்க ஆரம்பிக்கும். வாத்து முட்டையில் மஞ்சள் கரு பெரிது, கொழுப்பு அதிகம், அதனால் சூடும் அதிகம். சீனாவிலும் வியட்நாமிலும் பாலித் தீவிலும் வங்கதேசத்திலும் மின்சாரமே இல்லாமல் நெல் உமியில் ஆயிரக்கணக்கில் வாத்து பொரித்தது இந்த நுட்பத்தை வைத்துத்தான். உமி நிரப்பிய கூடைகளில், நாள் ஆன முட்டைகளின் சூட்டைப் புது முட்டைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு தொகுதி அடுத்த தொகுதிக்கு அடுப்பு.

நமக்கு இதில் இரண்டு பாடம். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் பத்து, பதினைந்து நிமிடம் பெட்டியைத் திறந்து முட்டையை ஆறவிடலாம். தாய் இரை தேட எழுந்து போகும் நேரம்தான் அது. மின்வெட்டு வந்து ஒரு மணி நேரம் பெட்டி ஆறிப்போனாலும் பதற வேண்டாம், பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது சூடு ஏறுவதற்கு. தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு 40 டிகிரிக்கு மேல் போனால் சில மணி நேரத்தில் மொத்தமும் போய்விடும்.

முட்டையைத் தினமும் நான்கு முறையாவது திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 25-ம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, பெட்டியை மூடிவிட வேண்டும். கோழிக்கு இது 18-ம் நாள். தானியங்கிப் பெட்டியில் கோழிக் கணக்கே ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே திருப்புவது நின்றுவிடும், கவனம்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கை பரபரக்கும். உரித்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. சவ்வின் ரத்தக்குழாய்களில் இருக்கும் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. அது முடியுமுன் ஓட்டைப் பிரித்தால் ரத்தம் கசியும். அந்த மஞ்சள் கரு இருப்பதால் பொரித்த முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் குஞ்சு தாங்கும்.

தண்ணீர்ப் பறவைக்குத் தண்ணீரே எமன்

"வாத்துக்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கணுமா?" என்பார்கள். நீந்தத் தெரியும்தான், ஆனால் நீந்திவிட்டுக் காயத் தெரியாது. தாயோடு போகும் குஞ்சு பிறந்த மறுநாளே குளத்தில் இறங்கும். ஏறியதும் தாயின் இறகுக்கடியில் நுழைந்துவிடும். தாயின் சூடும், அதன் இறகிலுள்ள எண்ணெய்ப் பசையும், குஞ்சு தன் தூவியைக் கோதிக்கொள்வதும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகின்றன. பெட்டியில் பொரித்த குஞ்சுக்கு அந்தத் தாய் இல்லை. தூவி நனைந்து உடம்போடு ஒட்டினால், உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காக்கத் தெரியாத வயதில், அரை மணியில் விறைத்துப்போகும்.

ஆகவே முதல் மூன்று வாரம் குளம், தொட்டி வேண்டாம். ஆனால் குடிக்கும் தண்ணீர் கோழிக்குஞ்சுக்கு வைப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும். வாத்து அலகோடு மூக்குத் துளையையும் நனைத்துக் கழுவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தீனி ஒட்டி மூக்கும் கண்ணும் அடைத்துக்கொள்ளும். ஒரு தட்டில் கூழாங்கற்களை நிரப்பி, இடையில் தண்ணீர் விட்டால் போதும். தலை நனையும், உடம்பு இறங்காது. தீனி பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், உலர்ந்த தூளை மட்டும் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். பிசைந்து கொடுப்பது உத்தமம், ஆனால் மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும்.

முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். நம் ஊர்க் கோடையில் ஒரு வாரத்துக்குப் பின் பகலில் பல்பே தேவைப்படாது. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு. தரையில் செய்தித்தாள் போடாதீர்கள், வழுக்கிக் கால் அகன்றுவிடும். முதல் சில நாளுக்கு சாக்கு நல்லது. வாத்து தண்ணீரைச் சிதறிக்கொண்டே இருக்கும் என்பதால் சாக்கைத் தினமும் மாற்ற வேண்டியிருக்கும்.

கால் ஏன் வளைகிறது?

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சில குஞ்சுகள் நடக்கத் தயங்கும். கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வளையும். "வாதம் வந்துடுச்சு" என்பார்கள். பல சமயம் அது நியாசின் என்ற பி வைட்டமின் பற்றாக்குறை.

உயிரினங்கள் நியாசினை உணவிலிருந்தும் எடுக்கும், ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானும் தயாரிக்கும். வாத்தின் உடம்பில் அந்தத் தயாரிப்பு மிகக் குறைவு. ஒரு நொதி அந்த மூலப்பொருளை வேறு பாதையில் திருப்பிவிடுகிறது. அதனால் தீனியிலேயே அதிகம் வேண்டும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994 பரிந்துரைப்படி ஒரு கிலோ தீவனத்தில் முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 27 மில்லிகிராம், கறிக்கோழிக் குஞ்சுக்கு 35, வாத்துக்கு 55.

கம்பெனித் தீவனத்தில் வைட்டமின் கலவை சேர்ப்பதால் அதில் பிரச்சினை குறைவு. குருணை அரிசியும் மக்காச்சோள நொய்யும் மட்டும் போட்டு வளர்க்கும் வீட்டில்தான் இது வரும். மக்காச்சோளத்தில் உள்ள நியாசினில் பெரும்பகுதி உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கிறது. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களுக்கு பெல்லக்ரா என்ற நோய் வந்ததும் இதே காரணத்தால்தான். ஈஸ்ட், கருவாட்டுத் தூள், தவிடு, கடலைப் புண்ணாக்கு ஆகியவற்றில் நியாசின் உண்டு. கால் வளைய ஆரம்பித்ததுமே கால்நடை மருத்துவரிடம் கேட்டு பி-காம்ப்ளெக்ஸ் டானிக் தண்ணீரில் கலந்தால் மீள வாய்ப்புண்டு, எலும்பு கோணலாகவே முற்றிவிட்டால் திரும்பாது.

கடலைப் புண்ணாக்கும் 1960-ம்

மேலே சொன்ன பட்டியலில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது கடலைப் புண்ணாக்கு. புரதமும் உண்டு, நியாசினும் உண்டு. எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்திச் சொல்ல நினைத்ததும் அதைப் பற்றித்தான்.

1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் தெரியாததால் 'டர்க்கி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். வாத்துக்குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. அது உண்டாக்கும் நஞ்சுக்கு அதன் பெயரையே சுருக்கி அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

அந்த நஞ்சு ஒரு தீவனத்தில் இருக்கிறதா என்று அப்போது எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஒரு நாள் வயது வாத்துக்குஞ்சுக்குக் கொடுத்து, அதன் கல்லீரலில் பித்தநாளங்கள் பெருகியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அவ்வளவு நுட்பமான கருவி வேறு கைவசம் இல்லை. வாத்துக்குஞ்சுகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லிகிராம் போதும். 45 கிராம் குஞ்சுக்கு இது சுமார் 16 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. கோழிக்குஞ்சு இதைவிடப் பல மடங்கு தாங்கும்.

ஆகவே "கோழி தின்னுச்சே, ஒண்ணும் ஆகலையே" என்ற சோதனை இங்கே செல்லாது. மழைக்காலத்தில் மூலையில் கிடந்து கட்டி பிடித்த புண்ணாக்கு, பூசணம் பூத்த மக்காச்சோளம் இரண்டையும் வாத்துக்குஞ்சுக்குக் காட்டவே கூடாது. வெயிலில் காயவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் பூஞ்சை சாகும், நஞ்சு முழுதாகப் போகாது. பூசணத்தைத் தட்டிவிட்டுக் கொடுப்பதும் அதே கதைதான். குஞ்சுக்கு மட்டுமான ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட மனிதர்கள் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வாங்கும்போது புதிதாக, கொஞ்சமாக வாங்குங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் குப்பைக்குழியில் போடுங்கள், நாற்பது ரூபாய் நஷ்டத்தோடு போகும்.

வயலில் விடும்போது

மூன்று, நான்கு வாரத்தில் குஞ்சுகளை வெயில் நேரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் விட்டுப் பழக்கலாம். முழு இறகு வர ஏழு, எட்டு வாரம் ஆகும். அதுவரை இரவில் கீரி, பூனை, எலி நுழையாத கூண்டு அவசியம். வாத்து பிளேக் தடுப்பூசி எட்டாவது வாரத்தை ஒட்டிப் போடுவது வழக்கம், கால்நடை மருந்தகத்தில் முன்பே சொல்லிவைத்தால் நல்லது.

நடவு வயலில் விடுவதாக இருந்தால் நம் வயலை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் மடைவழியே பக்கத்து வயலிலிருந்தும் வரும். குருணை மருந்தாக வயலில் தூவப்படும் கார்போஃபியூரான் பறவைகளுக்குக் கொடிய விஷம், சேற்றில் அலகை விட்டு அரிக்கும் வாத்துக்கு இன்னும் ஆபத்து. மேல்மடைக்காரரிடம் மருந்து போட்டிருக்கிறாரா, எப்போது போடப்போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும். அண்ணன் இப்போது அதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். தண்ணீர் முறை கேட்கப் போகும்போதே மருந்தையும் கேட்டுவிடுகிறார்.